குடிலுக்குள் பேசக் கூடாது

பைனாகுலரின் வாரைக் கட்டிலில் கிடந்தவரின் கழுத்திலிருந்து கழற்ற முடியவில்லை. அது கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானில் சுற்றிக்கொண்டிருந்தது. இளம் மருத்துவர் இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினார். அவர் தேடி முடிப்பதற்குள், நர்ஸம்மா தட்டின் இடப்பக்க மூலையிலிருந்து அதை எடுத்து, பிடி அவர் கைக்குச் செல்லுமாறு திருப்பி நீட்டினாள். முப்பத்தோராண்டுகள் மருத்துவமனைகளில் வேலை செய்த கை அது. ஓய்வு பெற்று ஆறாண்டுகள் கழிந்த பின்னரும், கத்தரிக்கோல் எங்கே இருக்கும் என்று அது யாரிடமும் கேட்கவில்லை.

“நீங்க ஸ்டாஃபா?”

“இருந்தேன். இங்க இல்ல, வேற ஆஸ்பத்திரி.”

“இவர் உங்களுக்கு…”

“வீட்டுக்காரர்.”

மருத்துவர் வாரை வெட்டிவிட்டுத் தலையசைத்தார். அவர் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டதால், அதைச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

“கடைசியா எப்ப பேசினாரு, சிஸ்டர்?”

சிஸ்டர் என்ற அந்தச் சொல்லில் அவள் ஒரு கணம் தடுமாறினாள். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், லிஃப்ட் கதவில் நசுங்கிய விரலோடு அவளிடம் வந்து சேர்ந்த மெக்கானிக், திருமணத்திற்குப் பிறகும் அவளை வேறு எந்தப் பெயராலும் அழைத்ததில்லை. “அப்பா, கடையில வச்சு அம்மாவ சிஸ்டர்னு கூப்பிடாதீங்க, ஆளுங்க ஒரு மாதிரி பாக்கறாங்க” என்று மகள் சிறுவயதில் அழுதிருக்கிறாள். அப்போதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

“அஞ்சே முக்காலுக்கு” என்றாள். “பேசல. தட்டினாரு.”

“தட்டினாரா?”

“என் கையில.”

“போயிட்டாருன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

“ஏழரைக்கு.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இடைப்பட்ட நேரத்தை மருத்துவர் மனத்திற்குள் கூட்டிப் பார்ப்பதை அவள் கண்டாள். நல்ல பிள்ளை, அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. மாறாகக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, இறந்தவரின் தாடையை நோக்கிக் கையை நீட்டினார்.

அந்தக் கை எதை அறிய விரும்புகிறது என்பது அவளுக்கு விளங்கியது. உயிர் நீங்கியபின் உடல் இறுகத் தொடங்குவது முதலில் தாடையில்தான் தெரியும். அதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். இப்போது மணி எட்டு பத்து. தாடை இறுகியிருந்தால், அவர் ஆறு மணியையொட்டியே போய்விட்டார் என்று பொருள். இளகியிருந்தால், ஏழுக்குப் பிறகும் இருந்திருக்கிறார் என்று பொருள். அவள் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே கைகழுவும் முறையை விளக்கும் படம் ஒட்டப்பட்டிருந்தது. ஒன்று முதல் ஆறு வரை படித்தாள். பிறகு ஆறிலிருந்து ஒன்று வரை படித்தாள்.

“நாங்க பார்த்த நேரத்தத்தான் சர்டிபிகேட்ல போடுவோம்” என்றார் மருத்துவர், கையுறையைக் கழற்றியபடி. “ஆனா உத்தேசமா எப்பன்னு என்னால சொல்ல முடியும். சொல்லட்டுமா சிஸ்டர்?”

“இப்ப வேணாம் டாக்டர்.”

“சரி. என் நம்பர எழுதித் தரேன். எப்ப வேணும்னாலும் கேளுங்க.”

அவள் அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நாக்கிற்கு அடியில் வைக்கும் மாத்திரைகளின் சிறு புட்டி உள்ளே விரலில் இடறியது. நெஞ்சு வலித்தால் உடனே கொடுக்கவேண்டும் என்று, மூன்றாண்டுகளாக அவள் போகுமிடமெல்லாம் எடுத்துச் சென்ற மாத்திரை. இன்று காலையும் அது அவருக்கு ஒரு சாண் தொலைவில்தான் இருந்தது.

ஊருக்கு வெளியே உள்ள சதுப்பில், நாணற்புதர்களுக்கு நடுவே பலகையால் அடைத்த ஒரு குடில் உண்டு. பறவை பார்ப்பவர்களுக்காகக் கட்டப்பட்டது அது. உள்ளே ஒரு நீண்ட பெஞ்சும், கண் உயரத்தில் குறுக்கே வெட்டிய ஒரு நீள்துளையும் மட்டுமே இருக்கும். குடிலுக்குள் பேசக் கூடாது. திரும்பக் கூடாது, இருமல் வந்தால் விழுங்கவேண்டும். இவை மெக்கானிக் வகுத்த விதிகள். அவர் துளை வழியே பார்ப்பார், கேட்பார். அவள் நோட்டில் கோடு போடுவாள். அவளுடைய மணிக்கட்டில் ஒருமுறை தட்டினால் கதிர்க்குருவி. இருமுறை தட்டினால் வாலாட்டி. மூன்றுமுறை என்றால் அவருக்கே தெரியாத ஏதோ ஒன்று. வேறு யாராவது விதியை மீறிப் பேசிவிட்டால் அவர் திட்டமாட்டார். ஆனால் காலைச் சாப்பாடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

பதினோராண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அந்தச் சதுப்பில் வலசைக் குருவிகள் கூட்டங்கூட்டமாக வானத்திலிருந்து இறங்கின. அந்த நேரத்தில் மெக்கானிக், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையே நின்றுபோன லிஃப்டிலிருந்து இரண்டு வக்கீல்களையும் ஒரு குளிர்சாதனப் பெட்டியையும் வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சதுப்பின் காவலாளி கைகளை விரித்து விரித்து அந்தக் காட்சியை விவரித்தபோது, அவர் வக்கீல்களை வாய்க்கு வந்தபடி ஏசினார். அன்று முதல் ஒவ்வொரு வலசைப் பருவத்திலும், வேலைக்குப் போவதற்கு முன்பும், ஓய்வு பெற்ற பின் தினந்தோறும், இருவரும் குடிலுக்குப் போனார்கள். அது ஏன் எப்போதாவது மட்டும் நிகழ்கிறது என்று ஒருமுறை அவள் கேட்டாள்.

“ராத்திரி பூரா பறந்து வருதுங்க. நல்ல வானம்னா நம்ம தலைக்கு மேலயே போயிடும். வழியில மழை, பனின்னு மாட்டிக்கிச்சுன்னா அப்படியே இறங்கிடும். கரண்ட் போனா லிஃப்ட் எந்த மாடியில நிக்குதோ அந்த மாடிதான், சிஸ்டர். நாம கேட்ட மாடியெல்லாம் கிடைக்காது.”

இன்று காலை பனி இருந்தது. குடிலுக்குள் அமர்ந்தபோது நாணலின் முதல் வரிசை மட்டுமே தெரிந்தது. ஐந்தே முக்காலுக்கு அவர் ஒருமுறை தட்டினார். அவள் ஒரு கோடு போட்டாள். அதன்பின் அவர் தட்டவில்லை. அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. பனி நாட்களில் ஒரு மணி நேரம் வரை எதுவும் கேளாமல் இருப்பதுண்டு.

ஆறே முக்கால் இருக்கும். மணலைத் தகரத்தின் மேல் மெல்லத் தூவுவது போன்ற ஓசை கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு குருவி செங்குத்தாக விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்லவேண்டும். சிறகை விரிக்கக்கூட அதற்குத் தெம்பு இல்லை. அதைத் தொடர்ந்து பத்து. பத்தைத் தொடர்ந்து, பனியே துண்டு துண்டாகக் கழன்று உதிர்வது போல, எண்ண முடியாதபடி இறங்கின. மஞ்சள் வயிறுகள், பழுப்பு முதுகுகள், தொண்டையில் நீலத் தீற்றல் கொண்ட ஒன்றிரண்டு. ஒரு குருவியைத் தாங்கும் நாணலில் ஐந்து அமர்ந்தன. அது தண்ணீரைத் தொடும்வரை வளைந்தது. இடம் கிடைக்காதவை துளையின் விளிம்பில் வந்து வரிசையாக நின்றன. அவளுடைய முகத்திற்கும் அவற்றிற்கும் இடையே ஒரு முழங்கூட இல்லை. அவை அவளைப் பார்த்தன, அஞ்சவில்லை. அஞ்சுவதற்குக்கூட வலு வேண்டும் என்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். ஒன்று அவளுடைய முழங்காலில் அமர்ந்து தலையை முதுகுக்குள் புதைத்தது. புடவை வழியே அதன் இதயத்துடிப்பு தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் நாடி பிடித்த அவளாலும் அந்த வேகத்தை எண்ண முடியவில்லை.

ஒரு கடலையும் இரண்டு மலைத்தொடர்களையும் கடந்து வந்த உயிர், ஒரு பொத்தானின் எடைகூட இல்லாமல் அவள்மீது உறங்கிக்கொண்டிருந்தது. பேனா கையிலிருந்து நழுவியதை அவள் அறியவில்லை. தான் யார், எந்த ஊர், எத்தனை வயது என்பவையெல்லாம் அவளைவிட்டு அகன்றிருந்தன.

அந்நேரத்தில் ஒருமுறை, கண்களை மட்டும் தாழ்த்தி, அவர் பக்கம் பார்த்தாள். அவருடைய காலணிமீது ஒரு வாலாட்டி நின்றுகொண்டிருந்தது. மனிதர் எவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணினாள். மூச்சுக்கூட விடவில்லை என்று பெருமைப்பட்டாள்.

ஏழரைக்குப் பனி விலகியது. வெயில் நாணலில் இறங்கியது. பதினோராண்டுகளில் முதன்முறையாக அவள் விதியை மீறினாள்.

“ஏங்க, பாத்தீங்களா?”

பதில் வராததற்குக் காரணம் அவருடைய பிடிவாதம் என்றே முதலில் நினைத்தாள்.

பதினொரு மணிக்கு மகள் வந்து சேர்ந்தபோது, அவரை நான்காம் மாடியிலிருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். மகளின் தொழில், விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்வையிட்டு, எப்போது, எங்கே, எவ்வாறு என்று எழுதுவது. தந்தையின் காலடியில் அமர்ந்து நெடுநேரம் அழுதாள். அழுகை ஓய்ந்ததும், தன்னையறியாமலே தொழிலுக்குத் திரும்பினாள்.

“எத்தனை மணிக்கும்மா?”

நர்ஸம்மா எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

“ஒன்னே முக்கால் மணி நேரம்.”

“ஆமா பாப்பா.”

“பக்கத்துல உக்காந்துட்டு.”

“ஒரு சாண்தான்.”

“ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலையா நீ?”

“பாத்தேன். ஷூவப் பாத்தேன்.”

மகள் நோட்டைப் புரட்டினாள். ஐந்தே முக்காலுக்கு ஒரு கோடு. அதன்பின் வெறும் தாள்.

“நீ நர்ஸும்மா!”

மருமகன் எழுந்து, செய்வதற்கு ஏதுமில்லாத பால்கனிக்குச் சென்றான். கீழ்வீட்டுத் தையற்காரம்மா தனக்கு அருகிலிருந்தவளிடம், தான் மெல்லப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, “குருவி பாத்துட்டு இருந்துச்சாம்” என்றாள். நர்ஸம்மா இறந்தவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

நண்பகலில் சதுப்பின் காவலாளி வந்தார். பெரிய உடம்பு, நான்கு மாடி ஏறிய இரைப்பு. லிஃப்ட் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குடிலில் விட்டுவந்த பிளாஸ்கை இரு கைகளாலும் ஏந்தியிருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

“அண்ணே, நீங்க காலையில கரையில இருந்தீங்களா?” என்று மகள் அவரிடம் கேட்டாள். “குடில் பக்கமாத்தானே?”

“எதிர்க்கரையில இருந்தேன்மா. துளை நேரா தெரியும்.”

“அப்பாவப் பாத்தீங்களா? அசைஞ்சாரா, கைய கிய தூக்கினாரா?”

காவலாளிக்குப் பொய் சொல்லும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. நினைவை நேர்மையாகத் துழாவினார்.

“பாக்கலையேம்மா” என்றார். “நான் மேல பாத்துட்டு நின்னுட்டேன். இருபது வருசமா அங்க இருக்கேன், இப்படி ரெண்டே தடவதான். என் நாய் இருக்கே, சும்மா இலை விழுந்தாலே ஊரக் கூட்டுவான், அவனே வாயத் தொறக்கல. அவனும் மேலதான் பாத்தான். அவன் முதுகுல ஏழெட்டு உக்காந்திருந்துச்சுங்க. ஆடலயே! அந்த நேரத்துல எம்மேல லாரி ஏறியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது தாயி.”

சொல்லி முடித்ததும், இழவு வீட்டில் லாரியைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வண்டி மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. இரண்டே காலுக்கு மகள் தாயைச் சமையலறைக்கு அழைத்துச்சென்று கதவைச் சாத்தினாள்.

“எப்பன்னு டாக்டருக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும். தாடையத் தொட்டுப் பாத்தாரு.”

“நீ கேக்கலையா?”

“இல்ல.”

“ஏன்?”

நர்ஸம்மா அடுப்பு மேடையைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தாள்.

“ஆறு மணிக்கே போயிருந்தா, என் மேல தப்பில்ல பாப்பா. மாத்திரை குடுத்திருந்தாலும் நின்னிருக்காது, அவ்ளோ சத்தமில்லாம போயிருக்காரு. ஆனா ஒன்னையும் பாத்திருக்க மாட்டாரு. பதினோரு வருசம் காத்துட்டு இருந்துட்டு, ஒரு மணி நேரம் முன்னாடி போயிட்டாருன்னு ஆகும்.” துணியை மடித்தாள். “ஏழுக்கு மேலன்னா பாத்திருக்காரு. எல்லாத்தையும் பாத்திருக்காரு. ஆனா அப்ப நெஞ்சு வலிச்சிருக்கும். நான் திரும்பியிருந்தா தெரிஞ்சிருக்கும். மாத்திரை பையில இருந்துச்சு. நான் குருவியப் பாத்துட்டு இருந்தேன்.”

மகள் சுவரில் சாய்ந்தாள். இரண்டையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்ப்பவள் போல, சற்று நேரம் தரையை நோக்கினாள்.

“உனக்கு எதும்மா வேணும்?”

“அவரு பாத்திருக்கணும்” என்றாள் நர்ஸம்மா. சிந்திக்க அவளுக்கு ஒரு நொடியும் தேவைப்படவில்லை.

மகள் கையை நீட்டினாள். நர்ஸம்மா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். மகள் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கப் பால்கனிக்குச் சென்று கண்ணாடிக் கதவை இழுத்து மூடினாள். அவளுடைய முதுகும், காதில் வைத்த கைப்பேசியும் மட்டுமே தெரிந்தன. ஒருமுறை தலையசைத்தாள், ஒருமுறை நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பேச்சு முடிந்த பிறகும் சற்று நேரம் திரும்பாமலே நின்றாள். உள்ளே வந்ததும் குழாயைத் திறந்து முகம் கழுவினாள்.

“ஏழுக்கு மேலதாம்மா” என்றாள், முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி. “அப்பா பாத்திருக்காரு.”

நர்ஸம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் எத்தனையோ பேரிடம், எத்தனையோ நடு மதியங்களில், “வலியே இல்லாம போனாரும்மா”, “கடைசியா உங்க பேரத்தான் சொன்னாரு” என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவற்றில் உண்மையும் உண்டு, அல்லாதவையும் உண்டு. இரண்டையும் ஒரே குரலில் சொல்லவேண்டும் என்பதே அந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது. தாடை எப்படி இருந்ததாம் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரிந்துவிடும். கேள்வி நாக்குவரை வந்தது.

அவள் அதைக் கேட்கவில்லை. மகளின் காதோரத்தில் ஒட்டியிருந்த நீர்த்துளியை விரலால் துடைத்துவிட்டாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?” என்றாள் மகள். அவளுடைய குரலில் காலையில் இருந்த கூர்மை இல்லை. பறவைகளைப் பற்றி அவள் தாயிடம் எதையேனும் கேட்பது அதுவே முதன்முறை.

“முதல்ல ஒன்னு வந்துச்சு” என்று நர்ஸம்மா தொடங்கினாள். இரு கைகளையும் மேலே உயர்த்தி, விரல்களை விரித்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். பதினோராண்டுகளுக்கு முன் காவலாளியும் அவரிடம் அப்படித்தான் காட்டியிருப்பார். மகள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. அவருடன் வேலை செய்த மெக்கானிக்குகள் நால்வர் தூக்கினார்கள். பாடை லிஃப்டுக்குள் நுழையாது என்பதை அளந்து பார்க்காமலே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

“வாழ்நாள் பூரா லிஃப்ட் பாத்த மனுசன மாடிப்படியில எறக்குறோம் பாரு” என்றார் நால்வரில் முன்னால் பிடித்திருந்த சூப்பர்வைசர்.

“இருந்திருந்தா நம்மள ஏசியிருப்பாரு.”

“இப்பவும் ஏசிட்டுத்தான் இருப்பாரு. நீ தலைப்பக்கத்த உசத்து.”

மாடிப்படித் திருப்பங்களில் “இறக்கு, இன்னும் இறக்கு, நிறுத்து” என்ற தொழிற்குரல்கள் மட்டும் கேட்டன. கீழே முற்றம். அதன் குறுக்கே, எல்லா வீட்டாருக்கும் பொதுவான துணிக்கொடி கட்டப்பட்டிருந்தது. துணிகளை யாரோ முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்கள். கொடியை அவிழ்ப்பதற்காகக் கையைத் தூக்கிய சூப்பர்வைசர் அப்படியே நின்றார். தூக்கிய கையை விரித்து, பின்னால் வருபவர்களை நிறுத்தினார்.

கொடியின் நடுவில் ஒரு குருவி இருந்தது. கட்டைவிரல் அளவு. இறகுகளைப் பந்துபோல் ஊதிக்கொண்டு, தலையை உள்ளே இழுத்து, நல்ல உறக்கத்தில் இருந்தது.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நால்வரும் ஒரே சமயத்தில் முழங்காலை மடித்து, அவரைத் தோளிலிருந்து இடுப்பளவிற்கு இறக்கி, தாங்களும் குனிந்து, கொடிக்கு அடியில் ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்துக் கடந்தார்கள். கொடி அசையவில்லை. அவர்களைத் தொடர்ந்து மகள் குனிந்தாள், நர்ஸம்மா குனிந்தாள், மருமகன் குனிந்தான், காவலாளி தம் பெரிய உடம்பை மிகவும் சிரமப்பட்டுச் சுருக்கிக்கொண்டார். கடைசியாக வந்த தையற்காரம்மா, குனியவே தேவையில்லாத உயரம். அவளும் குனிந்தே கடந்தாள்.